கார்களில் இருவழி வானொலி ஆன்டெனா: தேர்வும் பொருத்தும் முறையும்

கார் ஆன்டெனா என்பது, வாகனத்தில் உள்ள இருவழி வானொலிக் கருவி அனுப்பும் மின்னாற்றலை வானொலி அலைகளாக வெளியிடவும், வெளியிலிருந்து வரும் அலைகளைப் பெற்றுக் கருவிக்குத் தரவும் பயன்படும் உலோகக் கம்பியும் அதன் அடித்தளமும் சேர்ந்த அமைப்பாகும். பள்ளிப் பாடநூல்களில் இது விண்ணலைக் கம்பி என்றும் குறிக்கப்படுவதுண்டு. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஆன்டெனா தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலோ தவறான இடத்தில் பொருத்தப்பட்டாலோ செய்தி போய்ச் சேராது.

இக்கட்டுரை, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் (ஹாம்) காரில் பயன்படுத்தும் ஆன்டெனாக்களை முதன்மையாக எடுத்துக்கொண்டு, வடசென்னையின் இராயபுரம், கல்மண்டபம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத் தொழிற்பகுதிகளில் கவனிக்க வேண்டியவற்றை விளக்குகிறது.

வரலாறும் தேவையும்

வாகனத்தில் வானொலியைப் பயன்படுத்துவதில் முன்னோடிகள் காவல் துறையினர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1928-இல் காவல் கார்களுக்கு ஒருவழி வானொலி அமைந்தது. நிலையத்திலிருந்து வரும் செய்தியைக் காரில் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் காரிலிருந்தும் பேசும் இருவழி முறை வந்தது. பின்னர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், துறைமுகம், ரயில்வே, வாடகைக் கார் எனப் பல துறைகளுக்கும் அது பரவியது.

கைப்பேசி வந்த பின்னும் இதன் தேவை நீங்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமானின் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் தம் வானொலி வழியே தீவுகளின் நிலையை வெளியுலகுக்குத் தெரிவித்தனர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் நின்றுபோயின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும் அதே நிலை ஏற்பட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் கார் பேட்டரியே மின்மூலம். காரின் கூரையே ஆன்டெனாவின் தளம். ஆகவே ஒழுங்காக அமைக்கப்பட்ட ஒரு கார் வானொலி, நடமாடும் செய்தி நிலையமாகிவிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஆன்டெனாவைத் தேடுவது பயன் தராது. அமைதியான நாட்களில் பொருத்திச் சோதித்து வைத்திருப்பதே முறை.

உரிமம்

இந்தியாவில் அமெச்சூர் வானொலியில் பேச உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு இதனை வழங்குகிறது. தேர்வில் வரையறுக்கப்பட்ட நிலை, பொது நிலை என இரு நிலைகள் உண்டு. முதலாவதில் மோர்ஸ் குறியீட்டுத் தேர்வு இல்லை. இரண்டாவதில் நிமிடத்திற்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தேர்வு உண்டு. உரிமம் பெற்றவருக்கு வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி தரப்படுகிறது. வாகனத்திலிருந்து இயக்குவதற்கான நிபந்தனைகளை உரிம ஆவணத்தில் படித்தறிந்து அதன்படி நடக்க வேண்டும்.

இந்திய அமெச்சூர்கள் காரில் பெரும்பாலும் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசை. அடுத்தது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. காசிமேட்டு விசைப்படகுகளிலும் துறைமுகக் கப்பல்களிலும் உள்ள கடல்சார் வானொலி வேறு. அதன் அவசர அழைப்புத் தடமான 16-ஆம் தடம் 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ளது. படகுக்கான கருவியைக் காரில் வைத்துத் தரையில் பேசுவது சட்டத்திற்குப் புறம்பானது. உரிமம் இல்லாதவர் கருவியை வாங்கி வைத்து, 'அவசரத்திற்குத்தானே' என்று பேசுவதும் அவ்வாறே.

காரின் உள்ளே வாக்கி-டாக்கி ஏன் போதாது

காரின் உடல் எஃகுத் தகடால் ஆனது. உலோகக் கூட்டுக்குள் இருக்கும் கருவியிலிருந்து அலைகள் கண்ணாடிச் சன்னல்கள் வழியாகவே வெளியேற முடியும். மேலும் வாக்கி-டாக்கியின் குட்டையான ரப்பர் ஆன்டெனா, முழு அளவுக் கம்பியைவிடத் திறன் குறைந்தது. இந்த இரண்டு இழப்பும் சேரும்போது, கருவியின் 5 வாட் ஆற்றலில் சிறு பகுதியே பயனாகிறது.

அதே வாக்கி-டாக்கியை ஓர் இணைப்பு வடத்தின் மூலம் கூரைமேல் உள்ள ஆன்டெனாவுடன் இணைத்தால் வேறுபாடு உடனே தெரியும். புதிதாக உரிமம் பெற்ற மாணவர்களுக்குச் செலவு குறைந்த வழி இதுவே. 50 வாட் கருவி பின்னர் வாங்கிக்கொள்ளலாம். முதலில் வாங்க வேண்டியது நல்ல ஆன்டெனா.

நீளத்தைக் கணக்கிடுதல்

ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தைப் பொறுத்தது. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 300 ÷ 145 = 2.07 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 51.7 சென்டிமீட்டர். கம்பியின் தடிமன், முனை விளைவு ஆகியவற்றால் உண்மையில் தேவைப்படும் நீளம் இதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. அதாவது சுமார் 49 சென்டிமீட்டர். இதே முறையில், 436 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பி சுமார் 16 சென்டிமீட்டர் மட்டுமே. 7 மெகாஹெர்ட்ஸுக்கோ 10 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் குறைந்த அதிர்வெண்களுக்கான கார் ஆன்டெனாக்களில் கம்பிச்சுருள் சேர்த்து நீளத்தைக் குறைக்கின்றனர். அவ்வாறு குறைக்கும்போது திறனும் குறைகிறது.

ஆன்டெனா வகைகள்

கால் அலை: சுமார் அரை மீட்டர் நீளமுள்ள எளிய கம்பி. கீழே உலோகத் தளம் கட்டாயம் வேண்டும். கம்பியின் மறுபாதியாக அந்தத் தளமே செயல்படுகிறது. விலை குறைவு, காற்றுத் தடை குறைவு, தாழ்வான இடங்களில் தட்டாது. இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான கால் அலைக் கம்பி, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் முக்கால் அலையாக இருப்பதால் 434-438 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும்.

அரை அலை: சுமார் 1 மீட்டர். அடியில் பொருத்துச் சுற்று உண்டு. உலோகத் தளம் இல்லாவிட்டாலும் இயங்கும். ஃபைபர் உடலுள்ள வாகனங்களுக்கும், கூரைக் கம்பிகளில் பொருத்துவதற்கும் ஏற்றது. மரத்தாலும் ஃபைபராலும் ஆன படகுகளுக்கு இவ்வகை பொருந்துவதும் இதே காரணத்தால்தான்.

எட்டில் ஐந்து அலை: சுமார் 1.25 மீட்டர். அடியில் சுருள் உண்டு. நல்ல உலோகத் தளத்தின்மேல் இது ஆற்றலை அடிவானத்தை நோக்கிக் கூடுதலாகக் குவிக்கிறது. கோட்பாட்டில் கால் அலையைவிட 3 டெசிபெல் வரை, அதாவது இரு மடங்கு ஆற்றலுக்குச் சமமான ஆதாயம் சொல்லப்படும். கார்க் கூரையின்மேல் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இரட்டை அலைவரிசை: இரு அலைவரிசைகளுக்கும் ஒரே கம்பி. இன்றைய கருவிகள் பல இரண்டிலும் இயங்குவதால் இவ்வகையே அதிகம் விற்கிறது.

விளம்பரத்தில் காணும் டெசிபெல் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரே ஆன்டெனாவின் ஆதாயத்தை இருமுனை ஆன்டெனாவுடன் ஒப்பிட்டுச் சொன்னால் ஓர் எண்ணும், எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவுடன் ஒப்பிட்டுச் சொன்னால் அதைவிட 2.15 அதிகமான எண்ணும் வரும். எதனுடன் ஒப்பிட்டது என்று சொல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.

பொருத்தும் இடம்

கூரையின் நடுப்பகுதியே சிறந்தது. அங்கு நான்கு பக்கமும் உலோகத் தளம் சம அளவில் இருப்பதால் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழச் சமமாக அலை பரவும். இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு நான்கு பக்கமும் அரை மீட்டர் தகடு வேண்டும். சிறிய கார்களின் கூரையும் இதற்குப் போதும். கூரை ஓரத்தில் வைத்தால், உலோகம் அதிகமுள்ள திசையில் அலை கூடுதலாகவும் எதிர்த்திசையில் குறைவாகவும் செல்லும். டிக்கி மூடியின் விளிம்பு இரண்டாம் நிலை இடம். பின் பம்பரில் பொருத்தினால் காரின் உடலே முன்பக்கத்தை மறைத்துவிடும்.

உயரமும் முக்கியம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கார் ஆன்டெனாவின் உயரம் 2 மீட்டர் எனில் அடிவானம் 5.8 கி.மீ. சமவெளியில் இரு கார்களுக்கிடையே தடையற்ற தொலைவு சுமார் 11.6 கி.மீ. எதிர்முனையில் 50 மீட்டர் உயரத்தில் மறுபரப்பி நிலையம் இருந்தால் அதன் அடிவானம் 29 கி.மீ.; இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 35 கி.மீ. வடசென்னை குன்றுகளற்ற கடலோரச் சமவெளி என்பதால் இக்கணக்கு இங்கு பொருந்தும். கட்டடங்கள் மறைக்கும் இடத்தில் தொலைவு குறையும்.

பொருத்தும் முறைகள்

காந்த அடித்தளம்: துளையிட வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கூரைத் தகட்டுடன் நேரடி மின்தொடர்பு இல்லாவிட்டாலும், இடையிலுள்ள பெயின்ட் படலம் மின்தேக்கியாகச் செயல்பட்டு இணைப்பைத் தருகிறது. இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு இது போதும். குறைந்த அதிர்வெண்களுக்குப் போதாது. அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் காந்தம் ஒட்டாது.

விளிம்புப் பிடிப்பான்: டிக்கி மூடியின் விளிம்பில் சிறு திருகுகளால் இறுக்கப்படுவது. திருகு முனைகள் பெயின்ட்டைத் துளைத்து உலோகத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஆன்டெனாவுக்குத் தளம் கிடைக்காது. ஓம் மீட்டரால் இதனைச் சரிபார்க்கலாம்.

துளையிட்டுப் பொருத்துதல்: கூரையில் 19 மில்லிமீட்டர் துளையிட்டு என்.எம்.ஓ. என்னும் அடித்தளத்தைப் பொருத்துவது. மின்தொடர்பிலும் உறுதியிலும் இதுவே முதன்மையானது. காவல் துறை, ஆம்புலன்ஸ் வாகனங்களுக்கு ஏற்றது. சொந்தக் காரில் துளையிடுமுன் கூரையின் உட்பக்கத்தில் உள்ள தாங்கு பட்டைகள், விளக்கு வயர்கள் ஆகியவற்றின் இடத்தை அறிந்துகொள்ள வேண்டும். துளையின் விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சு இடாமல் விடக் கூடாது.

வடமும் இணைப்பானும்

கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே 50 ஓம் கோ-ஆக்சியல் கேபிள் வேண்டும். தொலைக்காட்சிக்கான 75 ஓம் கேபிள் பொருந்தாது. ஆர்.ஜி. 58 வகைக் கேபிளில் 5 மீட்டருக்கு இரண்டு மீட்டர் அலைவரிசையில் ஏறத்தாழ 1 டெசிபெல் இழப்பு ஏற்படும். அதாவது 50 வாட் அனுப்பினால் ஆன்டெனாவைச் சேர்வது சுமார் 40 வாட். அதிர்வெண் உயர உயர இழப்பும் உயரும்; 436 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிளில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகலாம். ஆகவே கேபிளைத் தேவைக்குமேல் நீளமாக வைக்கக் கூடாது.

கேபிள் கதவு ரப்பருக்கு அடியில் நசுங்காமல் செல்ல வேண்டும். வெளியில் ஒரு சிறு தொங்கலாக வளைத்து விட்டால் மழைநீர் அந்த வளைவில் சொட்டி விழும், காருக்குள் வழியாது. பக்கவாட்டுத் தூண்களில் காற்றுப்பை உள்ள கார்களில் அதன் பாதையில் கேபிளைச் செருகக் கூடாது. விபத்தில் காற்றுப்பை விரியாமல் போகவோ கேபிள் பயணியின் மேல் பாயவோ வாய்ப்புண்டு.

கருவிக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும். 50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளை அதற்கு ஏற்றதல்ல. நேர்மின் வயரில், பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால் கார் தீப்பற்றும்.

நிலையலை விகிதம் சரிபார்த்தல்

அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி ஆன்டெனாவில் ஏற்கப்படாமல் திரும்பி வருவதை நிலையலை விகிதம் காட்டுகிறது. விகிதம் 1.5 எனில் திரும்புவது 4 விழுக்காடு. 2 எனில் 11 விழுக்காடு. 3 எனில் 25 விழுக்காடு. 1.5-க்குக் கீழ் இருந்தால் நன்று. 2 வரை ஏற்கலாம். 3-க்கு மேல் இருந்தால் கருவி பழுதாகக்கூடும். கால் அலைக் கம்பியின் மின்தடை கூரைமேல் ஏறத்தாழ 36 ஓம் என்பதால், சரியாக அமைந்தபோதும் 1.4 காட்டுவது இயல்பே. அதைக் குறைக்கப் பாடுபட வேண்டியதில்லை.

சோதனையைத் திறந்த வெளியில், கதவுகளையும் டிக்கியையும் மூடிவிட்டு, குறைந்த ஆற்றலில் செய்ய வேண்டும். முதலில் அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்று கேட்டறிந்து, அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். பின்னர் 144, 145, 146 மெகாஹெர்ட்ஸ் அருகே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் விகிதம் குறைவாக இருந்தால் கம்பி நீளம். அதிக அதிர்வெண்ணில் குறைவாக இருந்தால் கம்பி குட்டை.

வெட்ட வேண்டிய அளவையும் கணக்கிடலாம். கம்பி 50 சென்டிமீட்டர். விகிதம் 143 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவு. வேண்டியது 145 என்று கொள்வோம். 50 × 143 ÷ 145 = 49.3. அதாவது 7 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். முழுவதையும் ஒரே முறையில் வெட்டாமல், 2 மில்லிமீட்டராக வெட்டி ஒவ்வொரு முறையும் அளப்பது நல்லது. வெட்டியதை ஒட்ட முடியாது. எந்த அதிர்வெண்ணிலும் விகிதம் மிக அதிகமாகவே இருந்தால் கம்பியை வெட்டக் கூடாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இணைப்பானுக்குள் பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டிருக்கும்.

வடசென்னைச் சூழலில் கவனிக்க வேண்டியவை

உப்புக்காற்று: கல்மண்டபத்திலிருந்து கடல் கூப்பிடு தொலைவு. இங்கு உப்பீரம் எல்லா உலோகத்தையும் தின்கிறது. கேபிளின் வெளிப்பின்னலில் ஒருமுறை உப்புநீர் ஏறிவிட்டால் தாமிரம் பச்சை பூத்து, இழப்பு பெருகும். வெளியில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் கூரை ஓடுபோல் அமைந்து நீரை வழியவிடும். திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.

இரும்புத் தூள்: லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் நிறைந்த தெருக்களில் காற்றிலும் தரையிலும் இரும்புத் தூள் உண்டு. காந்த அடித்தளம் அதனை ஈர்த்துத் தன் அடியில் சேர்த்துக்கொள்ளும். அதன்மேல் காந்தத்தை இழுத்தால் பெயின்ட் கீறும். கீறிய இடத்தில் உப்பீரம் துருவேற்றும். எனவே வாரம் ஒருமுறையாவது காந்தத்தை நகர்த்தாமல் நேராகத் தூக்கி, அடியையும் கூரையையும் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

கன்டெய்னர்கள்: துறைமுகச் சாலைகளில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள் இரும்புச் சுவர்களாக அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்களில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். இரண்டு மீட்டர் அலைவரிசையில் அழியும் இடத்திற்கும் வலுக்கும் இடத்திற்கும் உள்ள தொலைவு அரை மீட்டர் அளவே. ஆகவே கேட்காத இடத்தில் ஆற்றலைக் கூட்டுவதைவிட, காரை ஓரடி, இரண்டடி முன்னே நகர்த்திப் பார்ப்பது பயன் தரும்.

தாழ்வான இடங்கள்: ரயில்வே சுரங்கப்பாதை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தம் ஆகியவற்றில் நீளக் கம்பி தட்டும். மடக்கக்கூடிய அடிப்பகுதி உள்ள ஆன்டெனா அங்கு உதவும். மின்மயமான ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. குறைந்த அதிர்வெண்களுக்கான மிக நீண்ட கம்பியைக் கட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைக் கடக்கக் கூடாது. இறக்கிவிட்டே கடக்க வேண்டும்.

பாதுகாப்பு

அனுப்பும்போது ஆன்டெனாவைத் தொட்டால் தோல் சுடும். அருகில் சிறுவர் நிற்கும்போது அனுப்பக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் ஆன்டெனாவைப் பொருத்தவோ கழற்றவோ வெளியில் நிற்கக் கூடாது. வண்டி ஓட்டிக்கொண்டே கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியில் பேசுவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டலாகக் கருதப்படும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவதே முறை. நின்ற காரில் அலையும் சீராகக் கேட்கும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை திருகுகளையும் கேபிளையும் பார்த்து, நிலையலை விகிதத்தை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். முன்பு 1.4 காட்டிய இடத்தில் 2 காட்டினால், எங்கோ நீர் புகுந்துள்ளது அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது என்று பொருள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ரப்பர் நாடாவைப் பிரித்துப் புதிதாகச் சுற்றி, காரை வழக்கமாக நிறுத்தும் இடத்திலிருந்து எந்த நிலையத்துடன் தெளிவாகப் பேச முடிகிறது என்பதையும் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். கைப்பேசிகள் நின்றுபோகும் நாளில் அந்தக் குறிப்பேட்டின் ஒரு வரி பயன்படும்.